தாய்க்கும் சுவருக்கும் நடுவில்

என் தங்கை மல்லிகைப்பூ வைக்க மாட்டாள். கல்யாண வீட்டு வாசலில் தட்டை நீட்டினால் சந்தனத்தைத் தொட்டுக்கொள்வாள், கல்கண்டு ரெண்டு எடுத்துக்கொள்வாள், பூவை மட்டும் பக்கத்தில் நிற்கிறவளிடம் தள்ளிவிடுவாள். பிச்சி வைப்பாள், கனகாம்பரம் வைப்பாள். மல்லி என்றால் தலைவலி என்பாள். இருபத்தாறு வருஷமாக நான் அதை நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது தென்காசியில் மண்டபம் நிறைய ஆட்கள். எல்லார் தலையிலும் மல்லி. தங்கை மட்டும் வெறுந்தலையோடு ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அத்தனை பேர் முன்னால் கேட்டேன்:

"ஏட்டி, பிள்ளைக்கு நல்லது நடக்குது. மூளிக்கணக்கா நிக்கியே, விளங்குமா? பூ வச்சா உனக்கு என்ன கொள்ளையா போவுது?"

"தலைவலிக்கும்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களின் பெயரை எழுதப் போவதில்லை. சாமிகளின் பெயர் மட்டும் வரும். அதில் ஒருத்தி நம் பக்கத்துச் சாமியே இல்லை. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறவள். அவள்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தாள்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. குற்றாலத்தில் சாரல் காலத்தில் துரியன் பழம் வரும். அதைத் தின்றால் வயிறு திறக்கும் என்பார்கள். அந்த வாடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்பது சாரலுக்கும் தின்றேன். என் தங்கை பாவூர்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரருக்குக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. அவளுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள் இருந்து, மூன்றாவது உண்டாகியிருந்தாள். நான் போய் அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "எக்கா, நீ கேட்டு நான் இல்லைன்னு சொல்லுவேனா" என்றாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்ததும், எங்கள் பேச்சியம்மன் கோயிலில் வைத்து அவளே பிள்ளையை என் மடியில் போடவேண்டும். அப்படித்தான் பேச்சு. நான் அதுவரை பொறுக்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் காலை நான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. மூன்றாம் நாள் பால் இறங்கிவிடும், ஒருநாள் நன்றாகக் குடித்துவிட்டால் பெற்றவளுக்குக் கொடுக்க மனசு வராது என்று பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. பஞ்சாங்கத்தை அதற்குத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளை கீழே விழுந்துவிடக்கூடாது என்று தங்கை சுவர் பக்கம் கிடத்தி, தான் விளிம்பில் ஒருச்சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்தேன். பிள்ளை முனகவில்லை. அவள் கை மட்டும் சுவரைத் தொட்டு எதையோ தேடுகிற மாதிரி அசைந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவள் மாமியாரிடம் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கே கோவில்பட்டி போய்விட்டோம். அப்போது என் கணவரின் பாத்திரக் கடை அங்கே இருந்தது. பிள்ளைக்கு ரெண்டு வயதானபோது தென்காசிக்குத் திரும்பினோம். தெருவில் எல்லாரும் நான் பெற்றது என்றே நினைத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர்தான் இருந்தது. அது எப்படி வந்தது என்று எழுதினால் இன்னொரு பாவமும் சேரும்.

நாற்பத்தோராம் நாள் பேச்சியம்மன் கோயிலுக்குப் போகத்தான் செய்தோம். பிள்ளையைக் கொடுக்கிற வேலை முடிந்துவிட்டது, சத்தியம் வாங்குகிற வேலை இருந்தது. சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, பெற்றது நான் என்று இந்தப் பிள்ளையிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தங்கை சொல்லவேண்டும். சொன்னாள். எனக்குப் போதவில்லை.

"சொன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு சேத்துச் சொல்லுட்டி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேச்சி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறவள், அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ரெண்டாவது சூடத்தையும் அடித்து அணைத்து நான் கேட்டபடியே சொன்னாள். உள்ளங்கையில் ஒரு காசு அளவுக்குத் தோல் வெந்துவிட்டது.

மகள் வளர்ந்தாள், நர்சிங் படித்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால் வேல்ஸ் என்று இங்கிலாந்தை ஒட்டிய நாட்டுக்கு வேலைக்குப் போனாள். போன சாரலுக்கு மூன்று வார லீவில் வந்திருந்தாள். லீவு முடிய ஆறு நாள் இருக்கும்போது அவளும் நானும் தங்கையும் ஐந்தருவிக்குப் போனோம்.

கூட்டம் அதிகமில்லை. அப்படியும் அங்கே நின்ற பெண் போலீஸ், "போதும்மா, போதும்மா, வழி விடுங்க" என்று விசிலடித்துக்கொண்டே இருந்தார். குளித்து, ஈரத்தை மாற்றி, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுப் பழக்கடைப் பக்கம் வந்தோம். சாரல் தூவிக்கொண்டிருந்தது. மங்குஸ்தான் வாங்கினேன். கடைக்காரர் துரியன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளைக்கு இதை வாங்கிக் குடுங்க ஆச்சி. அடுத்த சாரலுக்குத் தொட்டிலோட வருவாங்க."

"அண்ணாச்சி, அதுக்கு முதல்ல ஒரு மாப்பிள்ளை வேணுமே. அதையும் எடை போட்டுக் குடுப்பீங்களா?" என்றாள் மகள்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் கல்பலகை ஒன்றில் மூவரும் உட்கார்ந்தோம். மகள் பழங்களை என் மடியில் கொட்டிவிட்டுச் சட்டென்று கைபேசியை எடுத்தாள்.

"யம்மா, இப்படியே மடியில பழத்தோட ஒரு சாமி இருக்கு, எங்க ஊருல."

"எது உங்க ஊரு? வேல்ஸா?" என்று தங்கை இடித்தாள். "மூணு வருசத்துல தென்காசி அசலூராப் போச்சு, பாத்தியாக்கா?"

மகள் காட்டிய படத்தில் சின்னக் கல்சிலை. மியூசியத்தில் எடுத்ததாம். முகம் தேய்ந்துபோன ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், கையில் பழம் மாதிரி என்னவோ.

"நம்ம பேச்சி மாதிரில்லா இருக்கா" என்றாள் தங்கை.

"என் வார்டுல ஒரு டீச்சரம்மா ரெண்டு மாசம் கெடந்தாங்க சித்தி. அவங்க சொன்னது. இந்தச் சிலை யாருன்னு எழுதியில்ல. ஆனா இவ மாதிரி ஒருத்தி அவங்க பழங்கதையில வாராளாம். மோட்ரன்னு பேரு. அந்தப் பேருக்கு அம்மான்னுதான் அர்த்தம். அதுக்கும் முன்னாடி மாத்ரோனான்னு கும்பிட்டிருக்காங்க. பிரான்ஸ்ல ஒரு ஆத்துக்கே அவ பேருதான், சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு இப்ப மார்ன் ஆறுன்னு ஆயிட்டாம். நாம மாதான்னு சொல்லுதோம்லா, எல்லாம் ஒரே வேரும்மா."

"சொந்தப் பேரு என்ன?" என்று தங்கை கேட்டாள்.

"அது யாருக்கும் தெரியல சித்தி. அம்மாங்கிறது மட்டும்தான் மிச்சம். அவ மகனுக்கும் மகன்னுதான் பேராம். அவன் பொறந்து மூணாம் நாள் ராத்திரி, அவ பக்கத்துல கெடந்தவனை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்த பிள்ளையை."

என் மடியில் இருந்த பழம் ஒன்று உருண்டு விழுந்தது. நான் எடுக்கக் குனியவில்லை. தங்கை பாதி உரித்த மங்குஸ்தானைக் கையில் பிடித்தபடி இருந்தாள். தோலின் சாறு விரலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு எடுத்தா?" என்றாள்.

"கதையில இல்ல."

"அவ தூங்கிட்டு இருந்தாளோ?"

"அப்படித்தான் இருக்கும்."

"பெறவு கெடைச்சானா?"

"வருசம் பல கழிச்சுக் கெடைச்சான் சித்தி. உலகத்துலயே வயசான மிருகம் பட்சியெல்லாம் ஒவ்வொண்ணாத் தேடிப்போய்க் கேக்காங்க. ஒண்ணுக்கும் தெரியல. கடைசியில ஒரு பெரிய மீனுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. ஆத்தங்கரையில ஒரு கல்சிறைக்குள்ள ஆளு அழுதுட்டுக் கெடந்தானாம்."

"அம்மாகிட்ட வந்தானா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அதை டீச்சரம்மா சொல்லலியே. நானும் கேட்டேன். அம்மாவைப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே இல்லையாம்."

"அவ கதையை யாரு கேக்கப்போறா" என்று சொல்லிவிட்டு, தங்கை எழுந்துபோய்க் கையைச் சாரலில் நீட்டிக் கழுவினாள். உள்ளங்கையை விரித்துத்தான் கழுவினாள். வெந்த வடு அங்கேயேதான் இருந்தது. என்னை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அன்றைக்குத் தப்பித்திருப்பேன், கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அந்தக் கதையில் எடுத்தவள் யார் என்று இல்லை. கல்பலகையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் உலகம்மன் சன்னிதிக்குப் போனேன். வாராவாரம் போகிறவள்தான். 'என் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்' என்பதுதான் என் வழக்கமான வேண்டுதல். அன்றைக்கு 'என்' என்ற சொல்லே வாயில் வரவில்லை. அந்த வேல்ஸ் சாமிக்கு மிஞ்சின மாதிரி, இந்தப் பிள்ளையிடம் அம்மா என்ற ஒரு பேராவது தங்கைக்கு மிஞ்சியிருக்கிறதா? அதையும் நான் அல்லவா எடுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை வாயால் சித்தி என்று கூப்பிட வைத்தேன். குங்குமம் வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கோபுர வாசலில் காற்று வழக்கம்போலப் புடவையைப் பிடித்து இழுத்தது, திரும்பிப் போ என்று சொல்வது மாதிரி இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இருபத்தாறு வருசம் கழிச்சு என்னத்துக்குட்டி? பிள்ளை இன்னும் மூணு நாள்ல பிளைட் ஏறப்போவுது. நிம்மதியா அனுப்பி வையி."

"யாரு நிம்மதிக்குங்க?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போகும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பகலில் நாங்கள் சாத்துவதில்லை. சொல்லுகிறதென்றால் சொல் என்று எனக்கு அது புரிந்தது.

மகள் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பருப்புப்பொடிப் பொட்டலத்தைப் பெட்டியின் மூலையில் திணித்துக்கொண்டே, "எடை கூடிப்போகும்மா, வத்தல் வேண்டாம்" என்றாள்.

"உன்னை நான் பெறல" என்றேன்.

எப்படி எப்படியோ தொடங்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்படித்தான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்பது வருஷம், தங்கை தரையைப் பார்த்தது, நாற்பத்தோராம் நாள் என்ற பேச்சு, நல்ல நேரம், சுவர், ரெண்டு சூடம். எதையும் மழுப்பவில்லை. மகள் அழவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணாம் நாளா?" என்றாள்.

"மூணாம் நாள்."

"பால் எறங்குற நேரம்மா அது." அவள் குரல் நர்ஸ் குரலாக மாறிவிட்டது. "நான் பிரசவ வார்டுல இருந்தப்ப பாத்திருக்கேன். பிள்ளை பக்கத்துல இல்லாத அம்மாவுக்கு நெஞ்சு கல்லு மாதிரி கட்டிரும். காய்ச்சல் வரும். நாங்க கூடவே ஒரு ஆளை உக்கார வைப்போம். சித்திக்கு யாரு இருந்தா? என்ன செஞ்சாங்க?"

"தெரியாது."

"கேக்கலியா?"

"இல்ல."

"ஒருநாள்கூடவா?"

வேறு என்ன கேட்டிருந்தாலும், ஏன் எடுத்தாய், ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தாலும், ஒன்பது வருஷத்து அழுகையை எடுத்து முன்னால் வைத்திருப்பேன். இதற்கு வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

"போயிக் கேட்டுட்டு வாங்க" என்றாள். என்னை அவள் வாங்க போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை. "அதுவரைக்கும் எங்கிட்ட வேற எதுவும் சொல்லாதீங்க."

மறுநாள் காலை பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கை வீட்டுக்கு நான் பூ இல்லாமல் போனதில்லை, பிச்சிதான் வாங்குவேன். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் மல்லி மட்டும்தான் இருந்தது. கை பழக்கத்தில் ரெண்டு முழம் வாங்கிவிட்டது. மார்க்கெட் வாசலில் டெம்போக்கள் நெரிந்து நின்றன. அதைச் சுற்றிக்கொண்டு அவள் தெருவுக்குப் போனேன்.

தங்கை முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரெண்டு பெண்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், வீட்டில் அவள் மட்டும்தான்.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம?"

"பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. பயம்தான் வந்தது.

"எக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்லா? நல்லா இருக்காளா? எந்திரிச்சு நடமாடுதாளா?"

இருபத்தாறு வருஷமாக அவளுடைய வாயை அடைத்து வைத்தது சூடம் இல்லை, நான் கூடச் சேர்த்துச் சொல்லச் சொன்ன அந்த ஒரு வரி. அதை அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நல்லா இருக்கா. சொன்னது நான்தான்ட்டி. நீ சொல்லலியே. உன் சத்தியம் அப்படியே இருக்கு."

"அப்படியா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். பிறகுதான் உட்கார் என்றாள்.

உட்காராமலே கேட்டேன். "நான் பிள்ளையை எடுத்துட்டுப் போனப்புறம், பாலுக்கு என்னட்டி செஞ்ச?"

வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள். பொடிக்கு என்ன என்ன சேர்க்கவேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"பால் வத்துறதுக்கு நெஞ்சுல மல்லிப்பூ வச்சுக் கட்டுனாவ. அதான செய்வாவ. மாமியாதான் வாங்கிட்டு வந்தாவ. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, புதுப்பூவா மாத்தி மாத்தி. நாலு நாளு. காய்ச்சல் வேற. பக்கத்துக் கட்டில்ல பிள்ளை அழுதா எனக்குல்லா எறங்கும். பூவு சூட்டுல வதங்கிரும். பாலும் பூவுமா ஒரு வாடைக்கா அது." கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான். "சடங்கு வீட்டுல நீ ஏசுனப்ப வாய் வரைக்கும் வந்துட்டு. அன்னைக்குப் பிள்ளை பட்டுப்பாவாடை கட்டி நின்னால்லா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக்கூடாதுன்னு தலைவலின்னு சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த பூவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள். வெளியே போய்த் தெருமுனைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு வந்து, குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். அந்தச் சொல் அன்றைக்கு அவளிடம் போய் நிற்குமா என்று தோன்றியதால் கேட்கவில்லை. அவளோடு உட்கார்ந்து கூடை வெங்காயத்தையும் உரித்துவிட்டு வந்தேன்.

மகளிடம் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் அவள் தனியாகப் பாவூர்சத்திரம் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் உரிமை இல்லை. பொழுது சாயத் திரும்பியபோது பையில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இருந்தன. தலையில் பிச்சிப்பூ இருந்தது, தங்கை வைத்துவிட்டது.

மகள் வேல்ஸுக்குப் போனபிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. முன்பு எனக்குத்தான் முதலில் வரும். இப்போது பாவூர்சத்திரத்தில் பேசிவிட்டுத்தான் எனக்கு. அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், வாங்க போங்க என்றுதான் பேசுகிறாள். தங்கையை இன்னும் சித்தி என்கிறாள். அம்மா என்று கூப்பிடட்டுமா என்று மகள் கேட்டாளாம், தங்கைதான் வேண்டாம் என்றுவிட்டாளாம். சத்தியத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று அவளுக்கு இன்னும் பயம்.

தை மாதம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது சாமி அலமாரியில் பேச்சியம்மன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல்சிலையின் படம் இருந்தது. மகள் அனுப்பி, இங்கே பிரேம் போட்டதாம். பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

"இவளுக்குப் பேரு சொல்லி அர்ச்சனை பண்ண முடியாதுல்லா. சூடம் மட்டும் காட்டுதேன். இன்னைக்கு நீ காட்டுக்கா" என்றாள்.

காட்டினேன். எத்தனையோ பேரை அம்மா என்று கும்பிட்டவள் நான், அந்தத் தேய்ந்த முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட வாய் எழவில்லை. தட்டைக் கீழே வைத்ததும், பழக்க தோஷத்தில் சூடத்தை அமர்த்தக் கையைக் கொண்டுபோனேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதக்கா. அதுவா எரிஞ்சு அடங்கட்டும்."

கட்டி பெரியது, நேரம் எடுத்தது. அது அடங்குகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.